டபுள் பார் சைக்கிளும் அமிர்தத்தின் 'சரி'யும்

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வயது ஐம்பத்திரண்டு. பெயர் சுப்புராயன். கள்ளக்குறிச்சியில் புளி வியாபாரம். கல்வராயன் மலைப் புளியில் பாதி என் களத்தில்தான் காய்கிறது. முதலில் தலையில் மூட்டை சுமந்தேன். பிறகு கைவண்டி. அப்புறம் மூன்று சக்கரம். இப்போது நாலு சக்கர மினிவேன். கைவண்டிக்கும் இரண்டு சக்கரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை அக்கம்பக்கமாக, மரியாதையாக நிற்கும். ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஆளைக் கவிழ்க்கப் பார்க்காது.

இந்த ரகசியத்தை இருபத்தைந்து வருடமாகக் காப்பாற்றி வந்தேன். "ஒரு பைக் வாங்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால், "புளி மூட்டைய மடியிலயா வெச்சிக்கினு போவேன்?" என்று எரிந்து விழுவேன். கேட்டவன் ஓடிவிடுவான். கல்யாணமான புதிதில் தியாகதுருகத்தில் மாமனார் தன் சைக்கிளைக் கொடுத்து, "கோயிலுக்குக் கூட்டிக்கினு போயிட்டு வாங்க மாப்ள" என்றார். நான் அமிர்தத்திடம், "உங்கூடப் பேசிக்கினே நடக்கணும்போல இருக்கு" என்று சொல்லிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவள் வெட்கப்பட்டாள். நான் பிழைத்தேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் சந்தைதான். அங்கே அடிபட்டுக் கற்றது ஒரே பாடம். எவன் எதைக் கேட்டாலும் பாதிக்கு இறக்கு. அவன் முகம் சுளித்தால் நீ ஜெயித்தாய். சட்டென்று 'சரி' என்று சொன்னால் நீ தொலைந்தாய்.

பங்குனியில் புளி எடுக்க மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே காத்தான் சொன்னால்தான் யாரும் புளி தருவார்கள். அவன் மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. டபுள் பார். கம்பி பிரேக். பித்தளை மணி. சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பொருளைப் பார்த்தால் பேரம் பேசாமல் இருக்க என் வாய்க்குத் தெரியாது.

"இன்னா காத்தான், இந்த இரும்ப என்னா வெலைக்குத் தர்ற?"

"எங்கப்பா வண்டி. காசுக்குக் குடுக்கறதா இல்ல யாவாரி."

"உனக்கு இதோட அருமை தெரியாது. இந்த மாதிரி வண்டியில ரெண்டு மூட்டையக் கட்டிக்கினு இந்த மலையே ஏறினவன் நான்."

வாய்தான் சொன்னது. என்னைக் கேட்காமலே சொன்னது.

காத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்டியா. அப்போ சும்மாவே எடுத்துக்கினு போ. ஆனா, ஆடித் திருவிழாவுக்கு இதுல ஏறி வரணும். எங்கப்பா வண்டி இந்த ஊருக்குள்ள ஓடறத ஒரு தடவ பாக்கணும் எனக்கு."

"வரலன்னா?"

"அடுத்த வருசப் புளி வேற யாவாரிக்கு."

கோழியை மட்டும் இறக்கிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தேன். வண்டியைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லியே ஆடியைத் தாண்டிவிடலாம். களத்து ஓரத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாகத் துருவைத் தேய்த்தேன். அதுவரை சரி. சாமான் வாங்கப் போனதுதான் தப்பு. உளுந்தூர்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், "இதுக்குச் செயின் கவர் எங்க கெடைக்கப் போவுது" என்று நம்பிக்கையோடு கேட்டேன். எடுத்து நீட்டினான். ஆகாத விலை ஒன்று கேட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். அதற்கும் இறங்கி வந்தான். இறங்கின விலையை விட்டுவிட்டு வருகிற உடம்பா இது? வாங்கிவிட்டேன். சங்கராபுரத்தில் டைனமோவும் இப்படித்தான். பேரம் ஜெயிக்க ஜெயிக்க வண்டி முழுசாகிக்கொண்டே வந்தது. ஆனி பிறந்தபோது, என் சொந்தப் புளியைப் போட்டு நானே தேய்த்த பித்தளை மணி வெயிலில் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. ராத்தூக்கம் போனது.

அப்போதுதான் அமிர்தம் கொட்டகைக்கு வந்தாள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாங்க, சீட்டு இவ்ளோ ஒசரத்துல நிக்குது. அடியோட எறக்கிடுங்க."

"அடியோடவா? பரம்பரை வண்டி இது. பாதி எறக்கறேன். அதுக்கு மேல ஒரு நூல் எறங்காது."

"சரி" என்றாள்.

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. இவளுக்கு ஓட்ட ஆசை. ஆகட்டும். வண்டி பொம்பளை வண்டியாக மாறிவிட்டால், 'வூட்டுக்காரி பிடுங்கிக்கினா, நான் இன்னா பண்ணுவேன்' என்று காத்தானிடம் அழுதுவிடலாம். என் மானமும் தப்பும், காலும் தப்பும். ஆனால் உடனே விட்டுக்கொடுத்தால் சந்தேகப்படுவாள். கோபப்பட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும். கோபத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை.

மறுநாள் வந்தாள். "இந்த ரெண்டு பாரையும் அறுத்து எறிஞ்சிடுங்களேன்."

ஸ்பேனரைத் தூக்கித் தரையில் அடித்தேன். "ரெண்டையுமா? வண்டி ரெண்டா மடிஞ்சிடும். மேல் பார் ஒண்ண அறுக்கறேன். கீழ் பாருக்கு வேணும்னா பஞ்சு சுத்தித் தரேன்."

"சரி."

அதற்கடுத்த நாள் கேரியர். "ரெண்டு பேரு ஒக்கார்ற மாதிரி பெரிசா வைங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும்."

"இது இன்னா டவுன் பஸ்ஸா? ஒரு ஆளுக்குத்தான் கேரியர். ஒரே கைப்பிடி. பின்னால."

"சரி."

வெல்டிங் பட்டறைக்காரர் மேல் பாரை அறுத்தபோது கண்ணில் தண்ணி வருகிற மாதிரி நின்றேன். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை களத்தைப் பார்த்தேன். புளியங்கொட்டை மூட்டைகளைக் களத்தைச் சுற்றிக் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். யார் செய்த வேலை என்று கத்தினேன். அமிர்தம் டீ கொண்டுவந்து கொடுத்தாள். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"இந்தா, வண்டியத்தான் நாசமாக்கிட்டியே. இனிமே இத நான் எப்டி ஓட்டறது? நீயே வெச்சிக்கோ. காத்தானுக்கும் நீயே பதில் சொல்லு."

"அவரு பொஞ்சாதி செங்கம்மாகிட்ட நேத்தே போன்ல பேசிட்டன்."

"இன்னா பேசின?"

"மலை ஏற முடியாது, வண்டிய மினிவேன்ல ஏத்திக்கினு வந்துடறோம்னு சொன்னன். ஊரு எல்லையிலருந்து கோயில் வரிக்கும் ஓட்டினா போதுமாம். சமதரை. காத்தாண்ணனும் ஒத்துக்கினாரு. அவங்கப்பா வண்டி ஊருக்குள்ள ஓடணும் அவருக்கு, அவ்ளோதான்."

மலை ஏற வேண்டாம். புளியும் போகாது. மூன்று மாதமாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ தூக்கி வேனில் ஏற்றின மாதிரி இருந்தது. டீ இனித்தது. இவ்வளவு நாளும் அது டீ என்றே எனக்குத் தெரியவில்லை.

"நல்லா ஓட்டு" என்றேன், பெருந்தன்மையாக.

"நான் எதுக்கு ஓட்டணும்? நான் ஸ்கூலுக்கே சைக்கிள்ல போனவ. நீங்கதான் கத்துக்கணும்."

டீ மூக்கில் ஏறியது.

"ஆருக்குடி தெரியாது?"

"கோயிலுக்குப் போறப்ப தள்ளிக்கினு வந்தீங்க. ஆசைன்னு நெனச்சன். திரும்பி வர்றப்பவும் தள்ளினீங்க. இறக்கத்துல. பேச்சுகூட தீந்து போயி ரெண்டு பேரும் சும்மாதான் வந்தம். அன்னிக்கே தெரியும் எனக்கு."

"இருபத்தஞ்சி வருசமா ஏன்டி சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தன். மலையே ஏறினன்னு சொன்னீங்களாம். செங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

கோபம் வந்திருக்க வேண்டும். தேடினேன், அகப்படவில்லை. இனி யாரிடமும் எரிந்து விழுந்து மறைக்க வேண்டாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அது ஒரு தனிச் சுகமாகத்தான் இருந்தது.

அமிர்தம் வண்டியைத் தட்டிக் காட்டினாள். "ஒக்காந்து பாருங்க. ரெண்டு காலும் தரையில படும். அதுக்குத்தான் சீட்டு. சாய்ஞ்சா கால் மாட்டாம எறங்கத்தான் பார் அறுத்தது. பின்னால கைப்பிடி நான் பிடிச்சிக்கினு ஓடி வர்றதுக்கு."

"களத்துல மூட்டை?"

"விழறதுக்கு."

அடியோடு என்று கேட்டது பாதிக்காக. இரண்டு பார் கேட்டது ஒன்றுக்காக. இரண்டு கைப்பிடி கேட்டதும் ஒன்றுக்காக. மூன்று முறை சட்டென்று 'சரி' சொல்லியிருக்கிறாள். சந்தையில் ஒரு தடவை கேட்டாலே காது விடைக்கிற எனக்கு, வீட்டுக்குள் மூன்று தடவையும் விளங்கவில்லை. இனி ஏமாறக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எத்தினி நாள் கத்துக்கணும்?"

"நாப்பது நாள். தெனம் காலையில ரெண்டு மணி நேரம்."

விடுவேனா? வண்டியின் மணியை ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"இருபது நாள். ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

"சரி" என்றாள் அமிர்தம்.