பாட்காஸ்டுக்குப் போணி

தியாகராய நகர்,
வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்.

அன்புள்ள மாப்பிள்ளை சோலைராஜுக்கு, உங்கள் அக்காள் முத்துலட்சுமியின் வீட்டுக்காரன் வெள்ளைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும் நலம், அவளுடைய முழங்கால் நீங்கலாக. அந்த வலியில் அவள் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, டாக்டரும் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். கோவில்பட்டியில் நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்கச் செண்பகவல்லி அம்மன் பார்த்துக்கொள்வாள்.

நிற்க. உங்கள் மகள் கீர்த்தி எங்கள் வீட்டில் தங்கிப் பார்க்கிற வேலை நிஜமாகவே ஒரு வேலைதானா, இல்லையென்றால் தை பிறந்ததும் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தைப் பார்த்து முடித்துவிடலாமா என்று போனில் கேட்டீர்கள். "அத்தான், நேர்ல போய்ப் பாத்து உள்ளதை உள்ளபடி எழுதுங்க, நீங்க சொல்றதுதான் தீர்ப்பு" என்றீர்கள். பார்த்துவிட்டேன். தீர்ப்பு இதுதான்: தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கிடைக்கிற முதல் ரயிலுக்கு டிக்கெட் போட்டுக் கூட்டிப் போய்விடுங்கள்.

முதலில் அந்த ஆபீஸ். அடையாறில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடி. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு மேஜை, மேஜை மேல் இரண்டு மைக், மைக்குக்குப் பின்னால் இரண்டு தாடி. ஒரு தாடி கேள்வி கேட்கிறது, இன்னொரு தாடி "ரொம்ப நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு வேறு எதையோ பேசுகிறது. இதற்குப் பெயர் பாட்காஸ்ட். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் இது தினமும் நடக்கிறதே, அங்கேயாவது ஒரு டீ கிடைக்குமே என்றேன். கீர்த்தி சிரிக்கவில்லை. அவள் வேலை பேசுவது இல்லையாம், பேசினதை ஊரார் கண்ணில் படவைப்பதாம். எது ஓடும், எதனால் ஓடும் என்று எனக்குப் பாடமே எடுத்துவிட்டாள். ஜனங்கள் தேடும்போது எந்த வார்த்தையைத் தட்டுவார்களோ அது தலைப்பில் இருக்க வேண்டுமாம். படம் நகத்தளவு தெரிந்தாலும் ஆளை இழுக்க வேண்டுமாம். அதனால்தான் எல்லாப் படத்திலும் ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், கீழ்மாடி டாக்டரிடம் போனபோது எடுத்திருப்பார்கள். ஆரம்பித்த கையோடு கேட்கிறவன் காதைப் பிடித்துவிட வேண்டுமாம். வாராவாரம் அதே கிழமையில் வர வேண்டுமாம். இவன் நிகழ்ச்சிக்கு அவன் விருந்தாளியாகப் போவான், பதிலுக்கு அவன் நிகழ்ச்சிக்கு இவன் போவான். இது நம்ம பக்கத்து மொய்தான், மாப்பிள்ளை; அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும், அவ்வளவு நேரம் உலகத்துக்கே புத்தி சொன்ன அதே வாயால், "அஞ்சு நட்சத்திரம் போடுங்க" என்று ஒரு பிச்சை. வெட்கங்கெட்ட பிழைப்பு. உஸ்மான் ரோட்டுப் பக்கம் பட்டுக்கடை வைத்திருக்கிறவன் நான். வாசலில் ஒரு ஆளை நிறுத்தி "வாங்கம்மா வாங்க, எடுக்கலைன்னாலும் பரவால்ல, உள்ள வந்து பாருங்க" என்று கூவ வைப்பதற்கு இத்தனை படிப்பா?

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நம்ம கடைக்கு ஒண்ணு செஞ்சு காட்டு பார்ப்போம், ஓடலைன்னா ஊருக்குக் கிளம்பு" என்று சொல்லித் தொலைத்தேன். "சரி மாமா, ஆனா நீங்கதான் பேசணும்" என்றாள். எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? பட்டுப்புழு கூடு கட்டுவதில் ஆரம்பித்து, நூல் எடுப்பது, சாயம், பாவு, ஊடு, ஜரிகை என்று ஒன்று விடாமல் ஒரே மூச்சில் பேசி முடித்தேன். நடுவில் கீர்த்தியின் தலை இரண்டு தரம் தாழ்ந்தது. பெரியவர் பேச்சுக்குத் தலை வணங்குகிறாள், வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். "பட்டின் பெருமை" என்று தலைப்பும் நானே வைத்தேன்.

அப்புறம்தான் வியாபாரி புத்தியில் ஒரு காரியம் செய்தேன். நம்ம கடையில் போணி யார் கையால் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர் ஜானு மாமி, பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் உருப்படி எடுத்தால் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. அந்தக் கைராசிக்காகவே ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற அன்று ஆட்டோ அனுப்பிக் கூட்டி வருகிறேன். ஒரு ரவிக்கைத் துணிக்கே இவ்வளவு பார்க்கிறவன், பாட்காஸ்டைப் போகிற வருகிறவனெல்லாம் முதலில் கேட்க விடுவேனா? மாமி கேட்டு முடிக்கிற வரை வேறு ஒரு காதும் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கீர்த்தி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, முதல் நாள் நிறையப் பேர் கேட்டாத்தான் இது மேல ஏறும். நீங்க ஷட்டரை இறக்கிட்டு வியாபாரம் பண்ணச் சொல்றீங்க!" போணி ஆகாமல் ஷட்டர் ஏறாது என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லாமல் மாமிக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஏதோ பூட்டுப் போட்டு அனுப்பினாள். ராகு காலம் கழிந்து, மாமி சாப்பிட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்து பொத்தானை அமுக்கினார்.

மறுநாள் மாமியே கடைக்கு வந்தார். பாராட்டத்தான் என்று காபி வாங்கி வரச் சொன்னேன். "வெள்ளைச்சாமி, உங்க குரல்ல என்ன மருந்து கலந்திருக்கேள்? பட்டுப்புழுன்னேள், அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் விளக்கேத்தற நேரத்துக்கு ஆத்துக்காரர் வந்து எழுப்பறார்! மத்தியானம் நான் கண்ணை மூடி எத்தனை நாளாச்சு தெரியுமோ? பார்க்ல வாக்கிங் வர்ற அத்தனை பேர்கிட்டேயும் சொல்லிண்டிருக்கேன்" என்றார். பூட்டைத் திறந்ததும் அந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை பேரும் தூங்கினார்கள்.

தூங்கிப்போனவன் பாதியில் நிறுத்த மாட்டான் அல்லவா? எல்லோரும் கடைசி வரை கேட்டதாகவே பாட்காஸ்டை ஓட்டுகிற யந்திரம் கணக்கு வைத்துக்கொள்கிறது. கடைசி வரை கேட்கப்படுவதைத்தான் அது அடுத்தவனுக்குக் கொண்டுபோய்க் காட்டுமாம். "மாமா, தாடிக்காரங்களையே பாதிப் பேர் பாதியில விட்டுட்டுப் போயிடறாங்க. உங்களை ஒருத்தர்கூட விடலை!" என்று கீர்த்தி குதிக்கிறாள். யந்திரம் என்னை எங்கே கொண்டுபோய் வைத்தது தெரியுமா? கடல் அலைச் சத்தம், மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம், அதற்கடுத்து நான். போதாக்குறைக்கு இந்தப் பெண் என்னைக் கேட்காமலே "பட்டின் பெருமை"யை எடுத்துவிட்டு, "தூக்கம் வரலையா? வெள்ளைச்சாமி மாமா பேசுகிறார்" என்று தலைப்பை மாற்றிவிட்டாள். ஜனங்கள் தட்டுகிற வார்த்தையாம். படத்தில் நான் வாயைப் பிளக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் கண்ணயர்ந்திருந்தபோது எடுத்திருக்கிறாள்.

அதுக்கப்புறம் நாய் படாத பாடு பட்டுட்டேன் மாப்பிள்ளை. ராயப்பேட்டை கைசர் ஜஹான்னு நம்ம பழைய வாடிக்கை, வீறிட்டு அழற பேரனோட வந்தாங்க. "புடவை அப்புறம் பாக்குறேண்ணா, முதல்ல இவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க"ங்கிறாங்க. நான் பாவுலேர்ந்து ஊடுக்குப் போறதுக்குள்ள அந்தப் பய குறட்டை விடறான். ஒரு கல்யாண பார்ட்டி முகூர்த்தப் புடவைக்கு உட்கார்ந்தாங்க. முந்தானையை விரிச்சு ஜரிகையைப் பத்தி வாயெடுத்தேன், பொண்ணோட அப்பா பாய்லயே சாஞ்சுட்டார். பொண்ணோட அம்மா அவரைத் தட்டி எழுப்பிட்டு, "கடைக்காரரே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, சேல்ஸ்மேன் காட்டட்டும்"னாங்க. என் கடை! என்னையே வெளிய நிறுத்திட்டாங்க. சரி, நின்னதுதான் நின்னோம்னு வாசல்ல "வாங்கம்மா வாங்க"ன்னு கூவினேன். போற பொம்பளை ஒருத்தி கொட்டாவி விட்டா.

மயிலாப்பூர்ல மாமியைப் பாத்துட்டுத் திரும்ப ஆட்டோ ஏறினா, டிரைவர் என் குரலைக் கேட்டதும் திரும்பிப் பாக்குறான். "இன்னா நைனா, அந்தத் தூக்க மாமா நீதானா? என் பொண்டாட்டி டெய்லி உன்னியத்தான் கேட்டுக்கினு தூங்குது. ஷோக்கா கீது நைனா. ஆனா ஒண்ணு, வண்டில வாயத் தொறக்காத, நான் ஓட்டணும்." வீடு வர்ற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன். எனக்கு ரொம்ப வலிச்சுது மாப்பிள்ளை, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இத்தனை வருஷமா நான் பேசினா ஜனங்க அமைதியா உட்கார்ந்து கேட்டது மரியாதையிலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஆகவே தாமதிக்க வேண்டாம். கீர்த்தி நல்ல பெண், கெட்டிக்காரி, அதுதான் ஆபத்து. இரண்டாம் பாகம் பேசச் சொல்லிக் காலையும் மாலையும் என் பின்னாலேயே வருகிறாள். கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சே தேவைப்படாத ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள். தங்கச்சிக்கு என் அன்பு, சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோரும் நூறாண்டு, கண்விழித்து, வாழ்க.

இப்படிக்கு,
அவமானப்பட்ட உங்கள் அத்தான்,
வெள்ளைச்சாமி.

பின்குறிப்பு: டிக்கெட் போட்டிருந்தா ரத்து பண்ணிடுங்க. உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கடுதாசியை உங்க அக்காளுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ இதுவரைக்கும் என் பாட்காஸ்டைக் கேட்கலை, "வீட்ல கேக்குறது பத்தாதா"ன்னுட்டா. வீட்ல நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா, அப்புறம் ரெண்டு பேருக்கும் எங்க தூக்கம் வரும்? குறுக்கே பேசாம நான் பேசினதை அவ கேட்டது கல்யாணத்துக்கப்புறம் இன்னைக்குத்தான். கடுதாசியில அடையாறு ஆபீஸ் தாண்டினதும் சத்தத்தைக் காணோமேன்னு பார்த்தா, காலை நீட்டி, முழங்கால்லேர்ந்து கையை எடுத்துட்டு, நல்லாத் தூங்குறா. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு மாப்பிள்ளை. கீர்த்தி வாசப்படியில நின்னு பாத்துட்டு, சத்தமில்லாம மைக்கைக் கொண்டாந்து என் முன்னால வெச்சுட்டா. அவ எங்கயும் வரமாட்டா, நான் விடவும் மாட்டேன். நீங்க உங்க போன்ல எனக்கு அஞ்சு நட்சத்திரம் போடுங்க, நம்ம ஊர்ல தெரிஞ்சவங்களையும் போடச் சொல்லுங்க. ஜானு மாமி கடை வாசல்ல வந்து நிக்கிறதா போன் வந்துச்சு. கிளம்பலாம்னு வாசிக்கிறதை நிறுத்தினேன், உங்க அக்காள் கண்ணைத் திறக்காமலே "ஏன் நிறுத்திட்டீங்க, படிங்க"ங்கிறா. மூணாவது தடவையா முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். இன்னைக்குப் போணி மத்தியானத்துக்கு மேலதான்.