முள்ளம்பன்றி கேட்டு வாங்கிய முழுப் பதிவு

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அன்றோடு மிருகங்களுக்கு நிம்மதி போச்சு. யானை தான் கண்டது, கேட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அதில் ஏற்றி வைத்தது. அதை வெளியே எடுக்கிற வேலை குரங்கு சுப்பையாவுக்கு. திரையில் ஒரு கட்டம் போட்டு, கோடு இழுத்து, அடுத்த கட்டத்தில் மாட்டினால் போதும். விவரம் ஓடிவந்து சிங்கராஜா முன்னால் விழும்.

முள்ளம்பன்றி வடிவு ஒருநாள் காலையிலேயே சுப்பையாவிடம் ஓடிவந்தாள். அவளுடைய அம்மா தோண்டிய வளையை நரி மாயாண்டி தன்னுடையது என்று சாதிக்கிறான். சாயங்காலம் தீர்ப்பு. வளை போனால் குட்டிகளோடு மழையில் நிற்க வேண்டியதுதான்.

"அண்ணே, சபைக்கு என் பதிவை எடுத்துக் குடுங்க."

சுப்பையா கோடு இழுத்தான். 'வடிவு, முள்ளம்பன்றி' என்று வந்து நின்றது.

"வளையைப் பத்தி ஒண்ணுமே காணோமே?"

"இந்தக் கட்டம் பேரை மட்டும்தான் கொண்டுவரும். முழுப் பதிவுக்கு இன்னொரு கட்டம் மாட்டணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, நானும் மாட்டினதில்ல. நரிக்கும் இவ்வளவுதான் குடுத்தேன்."

"எனக்கு முழுசும் வேணும்."

"முழுசுன்னா முழுசும் வரும்மா. யானை எதையும் விட்டுவைக்காது."

"வரட்டுமே! நான் என்ன கொலையா பண்ணியிருக்கேன்?"

நரியுடையதையும் முழுசாக எடு என்று கேட்க, பாவம், அவளுக்குத் தோன்றவே இல்லை.

சபை கூடியது. 'மாயாண்டி, நரி' என்பதோடு நரியின் பதிவு முடிந்தது. "அட, ஒரு கெட்ட பேரும் இல்லையே!" என்றார் ராஜா.

அடுத்து வடிவின் பதிவு. அம்மா வளை தோண்டியது, வடிவு அங்கேயே பிறந்தது, எல்லாம் வரிசையாக வந்தன. நரியின் முகம் சுண்டிப்போயிற்று. பூரிப்பில் வடிவின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

"வளை வடிவுடையதுதான்" என்று சொல்லி ராஜா எழுந்தார்.

பதிவு நிற்கவில்லை.

'ராஜாவின் மரவள்ளித் தோட்டத்தைத் தின்று தீர்த்தவள் வடிவு. தின்னும்போது சொன்னது: பல்லுப் போன கிழத்துக்கு வேற எதைத்தான் கடிக்க முடியும்?'

காடே ராஜாவின் வாயைப் பார்த்தது. ராஜா வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு பல் தெரியாமல் பேசினார்.

"வளை உன்னுதுதான், அதுல மாத்தமே இல்ல. ஆனா நீ இந்தக் காட்டுல இருக்கக் கூடாது. ஆளில்லாம கிடந்தா வளை பாழாப் போயிடும். நல்ல பேர் உள்ள மாயாண்டி அதுல குடியிருக்கட்டும்."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். காட்டு எல்லையைத் தாண்டும்போது நரி மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து நின்றாள்.

"அக்கா, உங்க வளை ஒரு பக்கம் ஒழுகுது. வீட்டுக்காரங்க நீங்கதானே? சீக்கிரம் ஆள் அனுப்பிச் சரி பண்ணிக் குடுங்க."

நீதி: உண்மை முழுசாக வெளியே வர வேண்டும் என்று அடம்பிடி, ஆனால் அது எதிராளியுடையதாக இருக்கட்டும்.