கலையரசன் விழுங்காத மாத்திரை

ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் விழுங்குவதில்லை என்று கலையரசன் சபதம் எடுத்தபோது அவனுடைய கொதிப்பு நூற்று எண்பது. சபதத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் அது மனைவி கன்னியம்மாள் காதுக்குப் போய்விடும்.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் கீழே இருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் அவன். சாமை மூட்டை, புளி மூட்டை, மனிதர்கள் என்று எது ஏறினாலும் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவான். தலைசுற்றல் கிடையாது, மயக்கம் கிடையாது. மருத்துவ முகாமில் நர்ஸ் நிவேதா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து முகம் மாறினாளே, அதுதான் அவன் கண்ட முதல் நோய்க்குறி.

"மேல நூத்தி எண்பது இருக்குதுங்கண்ணா."

"மல மேல வந்தா எல்லாம் ஏறத்தாம்மா செய்யும். கீழ எறங்குனா தானா எறங்கிடும்."

நிவேதா சிரிக்கவில்லை. மாத்திரையைக் கன்னியம்மாள் கையில் கொடுத்துவிட்டாள். கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவனுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்சீட்டில் தினமும் வருகிற மாதையன், செங்கத்தில் தன் மச்சானுக்கு இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கிட்னி போனது என்று சொல்லியிருந்தார். "ஒரு தடவ தொட்டா சாவுற வரைக்கும் வுட முடியாதுப்பா." அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. டிரைவருக்கு வியாதி என்று தெரிந்தால், இந்தக் கொண்டை ஊசி வளைவில் எவன் அவனை நம்பி ஏறுவான்?

காலையில் கன்னியம்மாள் மாத்திரையை நீட்டுவாள். அவன் வாய்வரை கொண்டுபோய் விரலிடுக்கில் ஒளித்துக்கொண்டு, சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பான்.

"எறங்கிடுச்சா?"

"ஆங், எறங்கிடுச்சு."

இறங்குவது ஜீப் டேஷ்போர்டுப் பெட்டிக்குள், காலிப் பாக்குப் பொட்டலத்தில். வாசலில் போட்டால் கோழி கொத்தும், கோழிக்கு ஏதாவது ஆனால் கன்னியம்மாள் விசாரணை வைப்பாள்.

மாத்திரையிடமிருந்து தப்பித்தான், பயத்திடமிருந்து தப்பிக்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காதுக்குள் 'டொக் டொக்' என்று கேட்கும். இதயமா, டயரா? வண்டியை நிறுத்தி இறங்கி டயரைப் பார்ப்பான். டயர் நன்றாக இருக்கும். அப்போது இன்னும் பயமாக இருக்கும்.

ஒருநாள் கன்னியம்மாள் சொன்னாள்:

"ஏங்க, நாளைக்கு நிவேதா நம்ம வூட்டுக்கே வர்றா. பிரஷர் பாக்க."

"பிரஷர் குக்கர்லதான்டி இருக்குது."

"குக்கருக்கு ஏறுனா விசில் வரும். உங்களுக்கு விசில் வராது. நேரா வெடிக்கறதுதான்."

கலையரசனுக்குத் தூக்கம் போனது. பட்டையைச் சுற்றினால் குட்டு உடைந்துவிடும். காலையில் அவனுக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது. ஜீப்புக்குப் போனான். பொட்டலத்தைப் பிரித்தான். பாக்கி மாத்திரை அத்தனையையும் ஒரே மூச்சில் விழுங்கினான்.

விழுங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒரு மாத்திரை கொஞ்சம் இறக்கும். ஒரு கைப்பிடி எவ்வளவு இறக்கும்? சைபருக்கே போய்விட்டால்? சட்டை நனைந்துவிட்டது. வீட்டுக்குள் ஓடினான்.

"கன்னிம்மா, நான் போறேன்டி!"

"திருப்பத்தூருக்கா? களி துன்னுட்டுப் போங்க."

"மேல போறேன்டி!"

"இதுக்கு மேல இன்னா மல இருக்குது?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். விரலிடுக்கு, பொட்டலம், மாதையன் மச்சான், கிட்னி, கைப்பிடி மாத்திரை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கன்னியம்மாள் களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"இனிமே தெனமும் போடுவீங்களா?"

"பொழச்சா போடறேன்டி. மொதல்ல ஆஸ்பத்திரிக்கி..."

"எம்மேல சத்தியமா?"

"சத்தியம்! சத்தியம்!"

அவள் களித் துடுப்பைக் கீழே வைத்தாள். "யோவ், நீ முழுங்குனது சத்து மாத்திர. நேத்து ஜீப்ப கழுவறப்போ பொட்டலத்தப் பாத்தேன். தூக்கிப் போடாம சேத்து வச்சிக்கிற ஆளு, என்னிக்காவது மொத்தமா முழுங்குவன்னு தெரியும். உன்னோடதான குடும்பம் நடத்துறேன்? உம் மாத்திரைய எடுத்துட்டு, பாக்க அதே மாதிரி இருக்கிற என்னோட சத்து மாத்திரைய போட்டேன். அப்புறந்தான் நிவேதாவ வரச் சொன்னேன்."

"அப்பவே கேக்கறதுதான?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

கலையரசன் யோசித்தான். நல்லதாக ஒரு பொய் சொல்லியிருப்பான்.

நிவேதா வந்து, கன்னியம்மாள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு. "சத்து மாத்திரையா இருந்தாலும் இப்படி அள்ளி முழுங்கலாமாண்ணா? வேறயா இருந்தா உசுருக்கே ஆபத்து. கொதிப்பக் கண்டுக்காம வுட்டாதான் கிட்னி கெடும்."

"ஆனா வாழ்நாள் பூரா போடணுமேம்மா?"

பதில் கன்னியம்மாளிடமிருந்து வந்தது. "எறக்கத்துல தெனமும் பிரேக் புடிக்கிறியே. வாழ்நாள் பூரா புடிக்கணுமேன்னு புடிக்காம வுட்டுடறியா?"

கலையரசன் வாயை மூடினான். பிறகு மாத்திரைக்காகத் திறந்தான். இம்முறை நிஜமாகவே இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணு. வண்டில வர்றவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம். பொழப்பு போயிடும்."

கன்னியம்மாள் தலையாட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் மாத்திரையே நீட்டவில்லை. அவனும் ஞாபகப்படுத்தவில்லை. ஸ்டாண்டுக்குப் போனால், ஜீப்பைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், ஒருவரும் ஏறவில்லை. பயந்தபடியே ஆகிவிட்டது. முன்கதவை மறைத்துக்கொண்டு மாதையன் நின்றார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறு கையில் மாத்திரை.

"கன்னியம்மா குடுத்துட்டுப் போச்சு. எம் மச்சானுக்குக் கிட்னி போனதே கொதிப்பாலதானாம். உம், முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கினான். மாதையன் குனிந்து எட்டிப் பார்த்தார். திருப்தியாக நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்:

"போட்டுட்டாம்பா! எல்லாரும் ஏறுங்க!"