தாரா அண்ணாச்சியும் நாற்பது வாத்துகளும்

உலகத்திலேயே வாத்துகளுக்கு வருகைப் பதிவேடு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தூத்துக்குடிக்காரர்தான். மறுக்க நினைப்பவர்கள் அவரோடு ஒருநாள் சைக்கிளில் உப்பளத்துப் பக்கம் போய்வந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், நான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்ட் பெண். அவர் அங்கே டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது அவர் வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் தாரா அண்ணாச்சி. தாரா என்றால் எங்கள் பக்கம் வாத்து.

ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். பாத்திகளெல்லாம் குளமாகிவிடும். எங்கிருந்தோ வாத்துகள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். நாம் கூட்டம் என்போம். அண்ணாச்சி எண்ணிச் சொல்வார். பங்குனி வெயில் ஏறியதும் ஒருநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது.

"எங்கன போவுதுக? அத மொதல்ல சொல்லுங்க."

ஆபீசில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். கடலுக்கடியில் போய்த் தூங்கும் என்றார் பியூன். "சிலோனுக்குப் போவும், வே! உமக்கென்ன?" என்றார் மேனேஜர். கேஷியர்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எங்கனயும் போகல. நம்மாளுக தின்னு தீத்துருதாங்க" என்றார். அந்தக் கேஷியரோடு அண்ணாச்சி அடுத்த ஐப்பசி வரை பேசவில்லை. சம்பளத்தைக்கூட ஜாடையில்தான் வாங்கினார்.

அவருக்கென்று ஒரு கட்சி இருந்தது. "நம்ம ஊரு ஆம்பளைக கப்பலுக்குப் போயிட்டு வரலியா? அது மாதிரி இதுகளும் வெளியூருக்குப் போயிட்டு வருதுக. சொந்த ஊரு தூத்துக்குடிதான்."

இதை நிரூபிக்க, கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்டை எடுத்துப்போய், நாலு நாள் சேற்றில் கிடந்து மூன்று வாத்துகளைப் பிடித்துக் காலில் பூசிவிட்டார். வாத்துகள் மேல் பட்டதைவிட அவர்மேல் பட்டதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சிவப்புக் காதோடு முழங்காலில் நின்றவரைப் பார்த்துச் சாமியார் பிரசங்கத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டார்.

இதையெல்லாம் அவர் மனைவி ரோஸ்லின் மதினி பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். தலைப்பிரசவத்துக்கு மணப்பாட்டிலிருந்த தாய் வீட்டுக்குப் போனார். பெண் குழந்தை. மூன்று மாதம் கழித்து, பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி போய் இருவரையும் அழைத்து வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்கே அங்கே கோழிக்குழம்பு தயார், பெட்டி தயார், வழியனுப்ப உறவுக்காரர்கள் தயார்.

பஸ் ஆத்தூரைத் தாண்டும்போது, அறுத்த வயலில் ஒருவர் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்து வாத்துகள் மறைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மேய்க்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று அண்ணாச்சி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

மணப்பாடு போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. முழங்கால் வரை சேறு. குழந்தைக்கு வாங்கிய புதுக் கவுனில் பத்திரமாகச் சுற்றி, ஆறு வாத்து முட்டை.

"நீங்க அந்தத் தாராக்கூடவே குடும்பம் நடத்துங்க" என்று மதினி கதவைச் சாத்திவிட்டார்.

சாத்தியது சாத்தியதுதான். மாதங்கள் போயின. மத்தியானம் டீயும் பன்னும் தின்றுகொண்டு, "வருவா, வருவா" என்பார் அண்ணாச்சி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மதினிக்குக் கடிதம் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்.

"எழுதுளா. அன்புள்ள ரோஸ்லினுக்கு. நலம். இங்கு நல்ல மழை. ஊசிவால் வாத்து நூத்திப் பன்னெண்டு வந்துட்டு..."

"அண்ணாச்சி, பிள்ள எப்படியிருக்குன்னு கேளுங்க."

"அதக் கடைசில கேப்போம். எடம் இருக்கும்லா?"

இடம் இருக்காது. பதிலும் வராது.

அந்த மழைக்காலத்தில்தான் ஒரு ரஷ்யக் கப்பல் வந்தது. பேப்பர்களோடு மேலே போன அண்ணாச்சி, நாலு கடல் பார்த்த மனுசனுக்குத் தெரியாதா என்று காப்டனிடமே கேட்டுவிட்டார். பொதுவாக ஒரு பாஷை இல்லை. அதனால் இரண்டு கையையும் சிறகாக அடித்து, 'குவாக் குவாக்' என்று கத்தி, வானத்தைக் காட்டி, உள்ளங்கையை விரித்தார். காப்டன் புரிந்துகொண்டு தலையாட்டினார். மறுநாள் ஆபீசுக்குச் சீட்டு வந்தது: சமையலுக்கு வாத்து, நாற்பது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "கப்பல்காரன் கேட்டா யானையக்கூடக் குடுக்கணும். வே, உமக்குத்தான் ஆத்தூர்ல ஆளு தெரியுமே, போயி வாங்கியாரும்!"

அண்ணாச்சி வாங்கி வந்தார். லாரியில் நாற்பது வாத்து, மேய்ப்பவர், நடுவில் இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இவர். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாத்துக் கூடைகளைக் கப்பலடியில் இறக்கியபோது மேலே ஏணி முனையில் சமையல்காரர் வந்து நின்றார். கையில் கத்தி. அது பளபளவென்று இருந்தது.

கூடையின் மூடி தானாகக் கழன்றுகொண்டது என்று அண்ணாச்சி கடைசி வரை சாதித்தார். நான் பார்த்தேன். ஒன்றல்ல, எட்டுக் கூடையையும் அவரே திறந்தார்.

நாற்பது வாத்தும் வரிசையாக நடந்துபோய்த் துறைமுகத் தண்ணீரில் குதித்தன. பின்னாலேயே லோடுமேன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒரு மணி நேரம் எந்த மூட்டையும் இறங்கவில்லை. மாலுமிகள் எல்லாரும் கம்பியில் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஒரு வாத்து பிடிபடும்போதெல்லாம் ஒரு கூச்சல். நாற்பதும் கூடைக்குத் திரும்பியபோது அவற்றைத் தின்ன ஒருவருக்கும் மனசில்லை. மாலுமிகளே சமையல்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நாளையிலருந்து ஆபீஸ் பக்கம் வராதேயும்!" என்று மேனேஜர் கத்தினார்.

காப்டன் எங்களை மேலே கூப்பிட்டு, "ஒய்?" என்றார். எனக்குத் தெரிந்தது கடித ஆங்கிலம்தான். "சார், வித் ரெஃபரன்ஸ் டு டக்ஸ், வீ பெக் டு ஆஸ்க், வேர் தே கோ இன் சம்மர்?" என்றேன்.

காப்டனின் முகம் மலர்ந்தது. எங்களை உள்ளே அழைத்துப்போய்ப் பெரிய வரைபடத்தில் தூத்துக்குடியில் விரலை வைத்தார். விரல் மேலே மேலே போனது. இமயமலையைத் தாண்டி, வரைபடத்தின் உச்சியில் போய் நின்றது. "மை வில்லேஜ்" என்றார். பிறகு கையைத் தொட்டில்போல வைத்து ஆட்டினார். "தேர், பேபி."

இத்தனை வருடம் தேடிய பதில் கிடைத்துவிட்டது. அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அதுக சொந்த ஊரு அதா? இங்கன சும்மா விருந்தாளியா?"

எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இல்ல அண்ணாச்சி. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவுதுக. குஞ்சு பறக்க ஆரம்பிச்சதும் புருசன் வீட்டுக்கு வந்துருதுக."

உட்கார்ந்தபடியே வரைபடத்தை அண்ணாந்து பார்த்தார். "புருசன் வீடு இதுதான?"

"இதேதான்."

"யாரு போயிக் கூட்டியாருதா?"

"தாராவ யாரும் கூப்பிட வேண்டாம், தானா வந்துரும்" என்றவள், வாய் சும்மா இராமல், "மதினி தாரா இல்ல, அண்ணாச்சி" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். விறுவிறுவென்று இறங்கிப்போய், ஆத்தூருக்குத் திரும்பிப் புறப்பட்ட வாத்து லாரியிலேயே ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை மதினி சொல்லித்தான் தெரியும். உச்சி வெயிலில் மணப்பாட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாராம். உடம்பெல்லாம் வாத்து நாற்றம். அவரைப் பார்த்ததும் மதினி கதவைச் சாத்தக் கையை வைத்தாராம்.

"பிள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டா?" என்று கேட்டாராம் அண்ணாச்சி.

கதவு அப்படியே நின்றது. "கீழ ரெண்டு" என்றாராம் மதினி.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஊரில் இருந்தார்கள். வேலையும் போகவில்லை. இப்படி ஒரு நல்ல நாளைத் தந்த ஊழியருக்கு நன்றி என்று காப்டன் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன சீட்டை மேனேஜர் தம் மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் தம்முடைய யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாகி வேலையை விட்டேன். மதினியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி ரயிலடிக்கு வந்தார். வண்டி புறப்படும் வரை என் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அசைந்த பிறகுதான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"ஏளா, போற ஊர்ல கொளம் கிளம் உண்டா?"

"உண்டு அண்ணாச்சி. பெருசாவே உண்டு."

"அப்பச் சரி. பொழச்சுக்கிடுவ" என்றவர், சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணாச்சியின் சட்டை ஒரு புள்ளியாகத் தேயும் வரை நான் தலையை உள்ளே எடுக்கவில்லை.