செமினி வீட்டில் நான் கேட்காத அதிகாரம்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி கலியமூர்த்தி அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸ் இராமலிங்கம் கைகூப்பி எழுதுவது. கிள்ளானில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ராஜேஷ்குமாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. எனக்கு பிரஷர் ஏறிவிட்டது, தாங்களோ போனை எடுப்பதில்லை, என் மகள் கல்யாணம் நடக்குமோ நிற்குமோ என்ற கவலையில் காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேனாம்.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் உறுமி மேளம் என்றீர்கள், நான் நாதஸ்வரம் என்றேன், தங்கள் தம்பி நாற்காலியைத் தள்ளினார், என் மைத்துனன் மைக்கைப் பிடுங்கினான். அதுதான் நம் முதல் உலகப்போர். காலமெல்லாம் பள்ளியில் சரித்திரம் போதித்தவன், எனக்கு எதுவும் அப்படித்தான் தெரியும். அந்தப் போர் முடிந்ததும், இனிச் சண்டையே வேண்டாம் என்று தலைவர்கள் கூடி நாடுகளுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். அதற்காக அதிகம் பாடுபட்ட அமெரிக்க அதிபரின் நாடே அதில் சேரவில்லை. தாங்களும் "ரெண்டு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குங்க லா" என்று சொல்லிவிட்டு, தாங்கள் மட்டும் சேரவில்லை. பிறகென்ன, வாழையிலையா பஃபேயா என்று இரண்டாம் போர் வந்தது.

நிஜமான இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கூடி ஐக்கிய நாட்டு சபையை அமைத்த தலைவர்களில் பலர் முதல் போரையும் பார்த்தவர்கள். அன்பு பொங்கி அவர்கள் ஒன்றுசேரவில்லை சம்பந்தி, மூன்றாவது வந்தால் யாரும் மிஞ்சமாட்டோம் என்ற பயத்தில் சேர்ந்தார்கள். பெரிய நாடுகள் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதிருக்க, பிடிக்காததை ஒரே வார்த்தையில் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தை ஐந்து நாடுகளுக்குக் கொடுத்தார்கள். நானும் அதே பயத்தில்தான் ஒரு கல்யாணக் குழு அமைத்து, "பெண் பக்கம் இருவருக்கும் மாப்பிள்ளை பக்கம் மூவருக்கும் வீட்டோ அதிகாரம்" என்று குரூப்பில் போட்டேன். ஒன்று கூடுதலாகத் தங்கள் பக்கத்துக்குத்தானே கொடுத்தேன்!

சம்பந்தியம்மா அஞ்சம்மாள் அதை 'வீட்டு அதிகாரம்' என்று வாசித்துவிட்டார். உடனே போன். "என் மவன் ஓவர்டைம் பாத்து செமினியில வாங்குன வீடு அண்ணே. இன்னும் சாவியே கைக்கு வரல, அதுக்குள்ள அதிகாரம் கேக்குறீங்களா?"

நான் பதறிப்போய், "ஐயோ அம்மா, இது ஐக்கிய நாட்டு வீட்டோ" என்றேன்.

"எந்த நாட்டு வீடா இருந்தா எனக்கென்ன!" என்று வைத்துவிட்டார். அது போன மாதம். அன்றிலிருந்து தாங்களும் பேசுவதில்லை.

தாமரை என் ஒரே மகள். "அப்பா, நீங்க யாருக்கும் சரித்திரம் சொல்லாம இருந்தா போதும்பா" என்று அழுகிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகையால் நிபந்தனையில்லாமல் சரணடைகிறேன். உறுமியே அடிக்கட்டும், பஃபேயே வையுங்கள், செமினி வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கமாட்டேன். தயவுசெய்து போனை மட்டும் எடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், நாற்காலி தள்ளிய தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தோற்ற கட்சி,
இராமலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் என் மனைவி தனலெட்சுமி இதை வாங்கிப் படித்தாள். "கிள்ளானுல புடவை எடுக்கப் போனப்பவே நானும் அஞ்சம்மா அக்காவும் பேசி முடிச்சிட்டோம். தாலி கட்டும்போது நாதஸ்வரம், ராத்திரி விருந்துக்கு உறுமி. பகல்ல இலை, ராத்திரி பஃபே" என்கிறாள். பின்னே தாமரை ஏன் அழுகிறாள் என்றேன். "மண்டபத்துல உலகப்போர் பத்திப் பேசப் போறேன்னீங்களே, அதுக்குத்தான்." சம்பந்தி ஏன் போனை எடுப்பதில்லை என்றும் கேட்டேன். "நாங்கதான் எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் பேசினாத்தானே சண்டை!" ஆகவே சம்பந்தி, போனை எடுக்காதீர்கள். அஞ்சம்மாள் வாசித்ததுதான் சரி, அது வீட்டு அதிகாரமேதான்.