அப்பாவின் பையில் நான் பார்க்காதவை

அன்புக்கும், அன்பைவிடச் சற்றுக் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம். அவருடைய வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, ஆனால் அதை வெளியில் சொல்லக் கூடாது என்று உத்தரவு, எனவே நான் சொல்லவில்லை. அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். குட்டியைப் பற்றி நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. நீ அனுப்பிய படத்தில் முன்பல் விழுந்த இடத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்கு இவள் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நீ யோசிப்பாய். அந்த போன் என்னுடையது மட்டுமல்ல என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கிழித்தால் மட்டும் போதாதாம், வாளித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமாம். அப்பா அப்படித்தான் செய்கிறார். வீட்டுக்கு வரும் பார்சல் உறையில் நம் முகவரி இருக்கிறதே, அதை உரித்து ஊறவைத்துக் கூழாக்கித்தான் குப்பையில் போடுவார். குளியலறையில் எப்போதும் ஒரு வாளி நிறையக் கூழ் நிற்கிறது. மளிகைக் கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால், என்றைக்கோ மூடிப்போன அவருடைய பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறார். என் லேப்டாப் கேமராவின் மேல் பிளாஸ்திரி. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் 'பேர் சொல்லாத சார்' என்றே கூப்பிடுகிறார், அதற்கு அப்பா திரும்பியும் பார்க்கிறார்.

நீ சிரிப்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலை பார்த்த காலம் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்த மனிதர். யார் யாரோடு சண்டை, யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம், நீ பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டதை டீக்கடையில் எவனோ வந்து சொன்னான். நீ கட்டிக்கொண்ட ஆளைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு குறையும் சொல்லவில்லை, கவனித்தாயா? "என் வீட்டு விஷயத்தை ஊரான் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா" என்ற ஒன்றைத்தான் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வாளியும் கூழும் வந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா, எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வெளியூரில் கூடுகிறார்கள், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய்விட்டு இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்குச் சாயங்கால டியூட்டி. ஆனால் காலை டியூட்டிக்காரிக்குப் பல்வலி, முகம் வீங்கிவிட்டது, எனக்குப் பதிலாக வருகிறாயா என்று கெஞ்சினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். என் வேலை உனக்குத் தெரியும். விமான நிலையத்தில் பைகளை ஊடுருவிக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. துணியும் காகிதமும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், இரும்பு நீலமாகத் தெரியும், மனிதர்கள் தெரியவே மாட்டார்கள். அந்தப் பைகளுக்குள் நான் பார்ப்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். சொல்லக் கூடாது என்பது விதி. நானும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் நான் அப்பா பெண்.

கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பழைய துணிப்பை உள்ளே வந்தது. ஆரஞ்சு, ஆரஞ்சு, நடுவில் துப்பாக்கி. குழலும் கைப்பிடியும் விசையும் அச்சு அசல். பை நகரும் பட்டையை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, எங்கள் சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த அம்மா சத்தமாகப் பேசவே மாட்டார், மெதுவாகக் கேட்டே ஆளை நடுங்கவைப்பார். "இந்தப் பை யாரோடது?" என்றார். வரிசையில் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். ஒருவர் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் வெறும் காலுறை, இடுப்பு பெல்ட்டைத் தட்டில் கழற்றி வைத்துவிட்டதால் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் அப்பா.

என்னைப் பார்த்தார். பார்த்தாரா, பில் போடுகிறவனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. சொந்தக்காரர் பை வந்தால் நாங்கள் உடனே சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். எனவே எழுந்து, இவர் என் அப்பா என்று சொன்னேன். அப்பா, இந்தப் பெண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்றார். சூப்பர்வைசர் அம்மா என் மூக்கைப் பார்த்தார், அப்பாவின் மூக்கைப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு பேருக்கும் வீட்டு எண் ஒன்றாக இருக்கிறதே என்றார். இருக்கலாம், ஒரே வீட்டில் எத்தனையோ பேர் குடியிருப்பார்கள் என்றார் அப்பா. அக்கா, அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நான் நன்றிதான் சொல்லியிருப்பேன்.

பையைத் தனியறையில் வைத்துப் பாருங்கள், இது சொந்த விஷயம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்க எல்லாப் பயணிக்கும் உரிமை உண்டு. அங்கே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஜன்னல் கிடையாது. என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார் சூப்பர்வைசர் அம்மா, திரையில் எதைப் பார்த்தேன் என்று காட்டுவதற்காக. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்பாவுக்கு என்று ஒரே ஒரு சட்டை. அவருடைய ஸ்வெட்டர், அதற்குள் சுற்றி, பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் பீய்ச்சும் பொம்மைத் துப்பாக்கி. சின்ன கவுன் ஒன்று. பட்டாம்பூச்சி வைத்த ஹேர்கிளிப் ஒரு அட்டை. கவுனைச் சூப்பர்வைசர் அம்மா மடிப்புக் கலையாமல் வைத்ததை நான் கவனித்தேன்.

"இதெல்லாம் யாருக்குங்க?" என்று கேட்டார்.

அப்பா மேஜையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பேன்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

"பேத்திக்கு" என்றார்.

ஏழு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, தானே ஒரு தரம் திகைத்துப்போய் நின்றார். அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். யாரும் கேட்கவில்லை, அவரே சொல்கிறார். பேத்திக்கு ஆறு வயசு, இடது கைக்காரி, அதனால் கடையில் இடது கையால் விசையை அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன், தோட்டத்துக் குழாயை எடுத்து அவங்க அப்பாவை நனைக்கிறதுன்னா அவளுக்கு உயிர், பல்லிக்குப் பயம், நாய்க்குப் பயமில்லை, முன்பல் விழுந்திருக்கு, வலது பக்கம், தூங்கும்போது வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவா, எங்க பெரியவளும் அப்படித்தான். மளிகைக் கடைக்குப் போன் நம்பர் கொடுக்காத மனுஷன், அக்கா. சூப்பர்வைசர் அம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ படமும் வீடியோவும் அனுப்புவது எனக்கு மட்டும்தான். தினமும் காலையில் எழுந்தால் என் போனில் சார்ஜ் பாதிதான் இருக்கும், பேட்டரி போய்விட்டது என்று கடையில் கொடுத்துச் சண்டைகூடப் போட்டேன். நான் எழுவதற்கு முன்னால் அவர் எழுந்து, சமையலறையில் உட்கார்ந்து, நீ அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து பார்த்துவிட்டு, துடைத்து, இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்.

துப்பாக்கி மாதிரி இருக்கிற எதுவும் கையோடு விமானத்துக்குள் போகக் கூடாது. விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போட்டு அனுப்பலாம், ஆனால் அந்தக் கவுன்டரை மூடிவிட்டார்கள். இதை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போங்கள், நேரம் இருக்கிறது என்று சூப்பர்வைசர் அம்மா எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. குழந்தைக்குத் தன்னை யாரென்றே தெரியாது, முதல் தடவை போகும்போது கவுனைக் கொடுத்தால் எந்தக் குழந்தை சிரிக்கும், இதைக் கொடுத்தால்தான் சிரிக்கும் என்று நின்றுவிட்டார். விமானம் அவர் இல்லாமலே போய்விட்டது.

இடைவேளையில் போய்ப் பார்த்தேன். வெளிக்கூடத்துப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பெற்ற பெண்ணைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "துப்பாக்கி கொண்டுவந்தவன் உன் அப்பான்னு தெரிஞ்சா உன் வேலைக்கு ஏதாவது வந்துடாதா?" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சண்டை போட வரவில்லை.

உனக்கு ஒரு போன் பண்ணிவிட்டுக் கிளம்பியிருக்கலாமே என்று கேட்டேன். "போன்ல கேட்டா வராதீங்கன்னு அவ சொல்லிடலாம். நேர்ல போய் நின்னா கதவையாவது திறந்துதானே ஆகணும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "பேசுவாளாடி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியும் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் உன் பதிலை நான் சொன்னதாகிவிடும்.

இப்போது அடுத்த வாரம் சனிக்கிழமைக்கு டிக்கெட் மாற்றியாயிற்று. பொம்மை பெட்டியில் போகிறது. யாரிடமும், குறிப்பாக உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பையில் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்பது உன் வேலை விதி, மறந்துவிடாதே என்று வேறு சொன்னார். நான் விதியை மீறவில்லை. மேலே எழுதியிருக்கிறேனே, அதெல்லாம் பையில் பார்த்தது இல்லை, மேஜையில் எடுத்து வைத்த பிறகு பார்த்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதவைத் திறந்ததும் ஆச்சரியப்படு, ஆனால் அளவாக. நீ பள்ளிக்கூட நாடகத்தில் ஆச்சரியப்பட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்படி வேண்டாம். முதலில் நீ அழாதே, அவர் அழட்டும், அவர் நிறைய சேர்த்து வைத்திருக்கிறார். அத்தானை அன்றைக்கு மட்டும் அரைக்கால் சட்டை போடாமல் இருக்கச் சொல். படுக்கையைக் கீழறையில் போடு, மாடி ஏற முழங்கால் விடாது, ஆனால் முழங்காலுக்காகத்தான் என்று தெரியக் கூடாது, மேலே ஒழுகுகிறது என்று சொல்லிவிடு. எக்ஸ்சேஞ்ச்காரர்கள் கூட்டம் எப்படி நடந்தது என்று கேள். நன்றாக நடந்தது என்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடு. உனக்கு எதுவுமே தெரியாது, நான் எதுவுமே எழுதவில்லை.

அத்தானுக்கு என் அன்பான விசாரிப்பு. குட்டியின் இரண்டு கன்னத்திலும் என் பங்குக்கு முத்தம், மூன்றாவதாக ஒன்றை விழுந்த பல்லுக்காகக் கொடு. நீ நீடூழி சண்டைபோட்டு வாழ வேண்டும் என்று, வயதில் சின்னவளாக இருந்தாலும், வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் உடுப்பையெல்லாம் உன்னைக் கேட்காமல் போட்டுக்கொண்ட தங்கை

பின்குறிப்பு: மேலே சொன்னது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். வாளிக்குத்தான் போகப்போகிறது என்றும் நினைத்தேன். அவர் பேனாவைக் கேட்டார். கீழே வரப்போவது அவர் கையெழுத்து, நான் படிக்க மாட்டேன், திரும்பி நின்றுகொள்கிறேன்.

பெரியவளுக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன். இதை உனக்கு நானே சொல்கிறேன், பிறர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். மாப்பிள்ளை இஷ்டப்பட்டதைப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு விவரம் வேண்டும். குழந்தை அந்த வீட்டுத் தாத்தாவை எப்படிக் கூப்பிடுகிறாள்? அந்தப் பெயர் அவருக்கே இருக்கட்டும். வேறு ஏதாவது காலியாக இருந்தால் எனக்கு எடுத்து வை.

அப்பா