பச்சையைக் கண்டால் நிற்கும் கால்

ஒருவனைப் பற்றி ஊரே நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தால் அவன் கொஞ்சம் உஷாராக இருந்துகொள்ள வேண்டும். என் பத்தொன்பதாவது வயதில் எனக்கு அது தெரியாது. "காத்தமுத்து மவன் மெட்ராஸ் டீமுக்கு ஆடப் போறான்" என்று வாய்க்கால் பாலத்தில் ஒருவர் சொன்னார். அது டீக்கடைக்கு வருவதற்குள் "இந்தியாவுக்கே ஆடப் போறான்" என்று வளர்ந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் நம்பினேன். (இந்தியாவுக்கு ஆடுவதென்றால் கீழ்வேளூரில் எந்த பஸ் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் பிடிபடவில்லை.)

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுற்றுவட்டாரத்தில் கால்பந்தில் என்னைப் போல ஃபார்வர்டு ஆடுகிறவன் கிடையாது. முழு வேகத்தில் ஓடி, ஓர் இடத்தில் சடாரென்று நிற்பேன். அடித்து வைத்த முளை மாதிரி நிற்பேன். என்னைத் துரத்தி வந்தவன் நிற்க முடியாமல் தாண்டிப் போய் எங்கேயாவது விழுவான். நான் சாவகாசமாக கோல் போடுவேன். இது பிறவியிலேயே வந்த வித்தை என்று பலரும் சொன்னார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். உண்மையில் அந்த வித்தைக்குக் காரணம் ஒரு போலீஸ் ஸ்டேஷன்.

எங்கள் மைதானம் வாய்க்காலை ஒட்டிய ஒரு புறம்போக்கு. பெரிதாக ஒரு கல்யாணப் பந்தல் போட்டால் நிறைந்துவிடும். மூன்று பக்கமும் மிராசுதாரின் வயல். கோல் கம்பத்துக்கு முன்னாலேயே வயல் ஆரம்பித்துவிடும் என்று சொன்னால் மிகையில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஒருநாள் பந்து அவருடைய நாற்றங்காலில் விழ, நான்கைந்து பேர் உள்ளே இறங்கி மிதித்துவிட்டோம். அது கூலித் தகராறு உச்சத்தில் இருந்த வருஷம். அப்பா எங்கள் தெருவின் சங்கத் தலைவர். அவரை உட்கார வைக்க ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தவர்களுக்கு எங்கள் காலடித் தடம் போதுமானதாக இருந்தது. அப்பாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிற்க வைத்தார்கள்.

திரும்பி வந்தவர் சோறுகூடச் சாப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"வேலைக்கு எறங்குனா கூலி. வெளையாட எறங்குனா கேஸு. இனிமே வெளையாடுற கால் பச்சையில பட்டுச்சு, அந்தக் கால் ஒனக்குக் கெடையாது."

அப்பா என்னை அடித்ததில்லை. அதனால்தான் அந்த வார்த்தை நேராக முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு வரப்போரம் வந்தால் என் கால் தானாக நிற்கும். பந்து வயலுக்குள் போய்விட்டால் எடுத்து வர ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை. அவன் சந்தானம், மிராசுதாரின் இளைய மகன். அவன் அப்பா வயலை அவன் மிதித்தால் யார் கேட்க முடியும்? அவன் இறங்கிப் போய், பந்தைக் கையில் எடுத்து, சேற்றை வேட்டியில் துடைத்து என்னிடம் கொடுப்பான். ஆட்டம் மறுபடியும் தொடங்கும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஆடினோம். உலகம் முழுவதும் இப்படித்தான் ஆடுவார்கள் என்று நினைத்திருந்தோம்.

தஞ்சாவூரில் தேர்வு ஆட்டம் என்று செய்தி வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய அலுவலகத்தின் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வானால் ஆட்டம் மட்டுமல்ல, அந்த அலுவலகத்திலேயே வேலை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கியதில்லை. அந்த வேலை கிடைத்தால் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். எங்கள் தெருவே என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னை அலங்கரித்து அனுப்பிய கதையைச் சொல்லியாக வேண்டும். அக்கா எனக்கு டிரவுசர் தைத்தாள். துணிக்கு எங்கே போவது? சங்கத்துக் கொடிக்கு வாங்கியதில் மிஞ்சிய சிவப்புத் துணி. மாமா ஆளுங்கட்சி. அவருடைய வேட்டியின் கறுப்பு சிவப்புக் கரையைக் கிழித்து, வெள்ளை பனியனின் முதுகில் ஒன்பது என்று தைத்தாள். (மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் கிழித்ததாக அக்கா இன்றும் சொல்கிறாள். மாமா அதை ஒத்துக்கொண்டதே இல்லை.) பூட்ஸ் சந்தானம் கொடுத்தது. அவர்கள் தெருவில் எங்கள் ஆட்கள் காலில் செருப்போடு நடக்கவே யோசித்த காலம் அது. இரண்டு வீட்டு அப்பாக்களும் பேச்சுவார்த்தையில் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். அவன் தன் புது பூட்ஸைத் துண்டில் சுற்றி, வாய்க்கால் கரையோடு கொல்லைப்பக்கமாக வந்து, "பெருசா இருந்தா வைக்கோலை அமுக்கிக்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். தனக்குப் பழையதை வைத்துக்கொண்டான். ஊரில் ஒரே பந்தியில் உட்காராத மூன்று தரப்பும் என் உடம்பில் கூட்டணி வைத்திருந்தன. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அப்போது எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்ததால் அதெல்லாம் உறைக்கவில்லை.

அன்றைக்குத் தாலுகா ஆபீசில் நடவுக் கூலிப் பேச்சு. அப்பா போய்த்தான் ஆக வேண்டும். அவர் போகவில்லை. இன்னொருவரை அனுப்பிவிட்டு, சலவை வேட்டி கட்டி என்னோடும் சந்தானத்தோடும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அவ்வளவு பெரிய மைதானத்தை நான் பார்த்ததில்லை. நடுவிலும் மேற்கிலும் செம்மண். வரப்பு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கழற்றிவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடினேன். முதல் பாதியில் இரண்டு கோல் போட்டேன். இரண்டாவது கோலுக்கு சந்தானம்தான் பந்தைத் தள்ளிவிட்டான். அவனும் அதே அணியில்தான் ஆடினான். கறுப்புக் கண்ணாடி போட்ட மெட்ராஸ்காரர் ஒருவர்தான் ஆள் எடுக்க வந்தவர். இடைவேளையில் அவர் அப்பாவிடமே வந்து, "பையன் ரொம்ப தூரம் போவாங்க. இன்னைக்கு எங்க டீம், நாளைக்கு நாட்டுக்கே ஆடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அவர் துண்டை அப்படி இடுப்பில் கட்டியதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வேலை கிடைக்கட்டும், அப்பா யார் முன்னாலும் துண்டை இறக்க விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிறகு பக்கம் மாறினார்கள்.

கிழக்கு கோலுக்கு முன்னால் புல் பதித்திருந்தார்கள். அடுத்த வாரம் மந்திரி வருவதாக ஏற்பாடு. அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் தினமும் தண்ணீர் பாய்ச்சி, இளம்பச்சையில் தளதளவென்று வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பறிப்புக்குத் தயாரான நாற்றங்கால்.

பந்து எனக்குக் கிடைத்தது. ஒருவனைத் தாண்டினேன், இன்னொருவனைத் தாண்டினேன். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். கூட்டம் எழுந்துவிட்டது. புல் ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்தேன். கால் நின்றுவிட்டது.

பந்து மெதுவாக உருண்டு புல்லுக்குள் போய் நின்றது. நான் செம்மண் ஓரத்தில் நிற்கிறேன். கோல்கீப்பர் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்து அசையாமல் நிற்கிறான். அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், வருஷக்கணக்கான பழக்கத்தில் கூவியது.

"சந்தானம், எடுத்துக் குடுடா."

அவனாவது சுதாரித்திருக்கலாம். புல்லுக்குள் ஓடியிருந்தால் ஓர் உதையில் கோல். ஆனால் அவனும் எங்கள் புறம்போக்கில் வளர்ந்தவன்தானே. நிதானமாகப் புல்லுக்குள் நடந்து போனான். குனிந்தான். பந்தை இரண்டு கையாலும் எடுத்தான். டிரவுசரில் துடைத்தான். கொண்டுவந்து மரியாதையாக என் கையில் கொடுத்தான்.

கொஞ்ச நேரம் விசில் சத்தம்கூட வரவில்லை. நடுவர் தன் உத்தியோகத்தில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார். அப்புறம் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. வேர்க்கடலை விற்றவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சந்தானத்துக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. பந்தைத் திரும்ப என்னிடமிருந்து பிடுங்கிப் புல்லில் போடப் பார்த்தான். அப்போதுதான் நடுவர் விசில் அடித்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுபடி பந்து வந்தது. இந்தத் தடவை மிதித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கால் மறுபடியும் நின்றது. நின்றவன் சும்மா நின்றிருக்கலாம். புல்லைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, ஓரமாக ஒற்றையடி வைத்து நடக்க ஆரம்பித்தேன். இல்லாத வரப்பின்மேல் அவ்வளவு கவனமாக நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார்.

"தம்பி, கால்ல ஏதும் அடியா?"

"இல்லைங்க சார்."

"பின்ன ஏன் நின்ன?"

"பச்சைங்க சார்."

"அது புல்லுப்பா."

"எனக்குத் தெரியுதுங்க சார். காலுக்குத் தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எங்கள் அணியில் இன்னொருவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் போய் மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்தேன். கொடித் துணி, கரை வேட்டி, பூட்ஸ், எல்லாம் உடம்பில் கனத்தன. அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஏண்டா, நான் சொல்லி எதையாச்சும் கேட்டிருக்கியா நீ? படின்னேன், கேக்கல. முடிய வெட்டுன்னேன், கேக்கல. ஒரே ஒரு பேச்சைக் கேட்ட. அதையும் கேக்கக் கூடாத எடத்துல கேட்டுட்ட."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவருக்கும்தான். கொஞ்சம் பொறுத்து வேறு குரலில் சொன்னார்: "அன்னைக்கு அவனுங்க நிக்க வச்ச கோவத்துல சொன்னதுடா அது. ஒன் கால்ல இம்புட்டு நாள் கெடக்கும்னு தெரியாம போச்சு."

அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு நான் தகுதியானவன் இல்லை. ஆனால் அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அந்த மைதானத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரர். நாங்கள் கிளம்பும்போது ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தனை பேரும் துவம்சம் பண்ணிட்டானுங்க தம்பி. எம் புல்லுக்கு மரியாதை குடுத்தது நீ ஒருத்தன்தான்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மறு வருஷம் அங்கே உதவியாளர் வேலை காலியானபோது, ஆள் விட்டு என்னைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அந்தப் புல்தான் எனக்குச் சோறு போட்டது. தினமும் அதன்மேல் நடந்தேன். வேலைக்குத்தானே இறங்குகிறோம், கால் ஒன்றும் சொல்லவில்லை. கிளப்புக்கும் நாட்டுக்கும் ஆடியவர்கள் சிலர் அந்தப் புல்லில் ஓடியிருக்கிறார்கள். அவர்கள் கோல் போடும்போதெல்லாம் ஓரத்தில் நின்று நான்தான் முதலில் கை தட்டுவேன்.

சில வருஷம் கழித்து, நில உச்சவரம்புச் சட்டப்படி மிராசுதாரிடம் மிஞ்சிய நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அப்பாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. எங்கள் புறம்போக்குக்குப் பக்கத்து வயல்தான். பந்து விழுந்த அதே வயல். முதல் நாற்று விட்டிருந்தார். லீவில் வந்த என்னை நேராக அங்கே அழைத்துப் போனார்.

"எறங்கு."

"நாத்துப் பறிக்கவாப்பா?"

"பறிக்க இல்ல. வெளையாட எறங்கு. நம்ம பச்சைதான். ரெண்டு நாத்துப் போனா போவுது, கேக்க ஆள் இல்ல."

வரப்பில் நின்றேன். ஆசையாக இருந்தது. கால் வரவில்லை. அப்பா என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "இவன நம்பி இந்தியா காத்துக்கிட்டு இருந்துச்சாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரே நாற்றுக்குள் இறங்கினார். சேறு கணுக்கால்வரை ஏறியது. அந்த வயலில் எத்தனையோ நாள் கூலிக்கு இறங்கியவர். சும்மா இறங்கியது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குத் தயங்கி நின்றாலும் அந்த வார்த்தைதான். மகள் முதல் நாள் வேலைக்குப் போக வாசலில் நின்று யோசித்தபோது, அக்கா உள்ளேயிருந்து, "நம்ம பச்சைதான், எறங்குடி" என்றாள். சந்தானம் வங்கி வேலையில் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறான். போன் செய்தால் ஹலோ சொல்ல மாட்டான். "பந்து எடுத்துத் தரணுமா?" என்பான்.

இப்போது என் பேத்தி ஃபார்வர்டு ஆடுகிறாள். டீக்கடையில் அவளையும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் அவள் பயிற்சியைப் பார்க்கப் போய், வழக்கம்போல் புல்லுக்கு வெளியே செம்மண்ணில் நின்றிருந்தேன். பந்தை என் பக்கம் உருட்டினாள். அது எனக்கு இரண்டடி முன்னால் புல்லில் வந்து நின்றது. நான் குனியவும் இல்லை, நகரவும் இல்லை.

"தாத்தா, நம்ம பச்சைதான்" என்றாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினேன்.